வடக்கே வந்தவர்கள்

குளச்சல்காரிகளுக்கு மதுரையே வடக்கு.
வடக்கே குளிரும் என்று
அஜிலாவின் அம்மா வாங்கித் தந்த ஊதா ஸ்வெட்டர்
மாட்டுத்தாவணியில் இறங்கும்போது
கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது.

மணி ஐந்தே முக்கால். மாசி பிறந்து ஐந்தாம் நாள்.
பனி இல்லையென்று சொல்ல முடியாது.
போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு
வாசலில் செருப்புத் தேடுகிற விருந்தாளி மாதிரி
நின்றுகொண்டிருந்தது.
யானைமலையில் பாதி யானைதான் தெரிந்தது.

பூச்சந்தையில் ஒருவர் சாக்கை உதறியபடி சொன்னார்:
"தை முழுக்க கிலோ மூவாயிரம்.
செடி குளிருல குறுகிக் கெடந்துச்சு.
இன்னைக்கு எழுநூறு."
காலண்டரைவிட இதுதான் கணக்கு என்றேன்,
எட்டு மாதமாக இந்த ஊரில் இருப்பவள்,
எண்பது வருட மிடுக்கோடு.

என்னிடம் பட்டியல் இருந்தது.
வங்கியில் பக்கத்து மேசை சவுந்தரபாண்டியனைக் கேட்டு எழுதியது.
மஹால் தூணை மூவரும் கைகோத்துக் கட்டிப் பார்த்தோம்,
ஒரு சாண் போதவில்லை.
யார் வீட்டுப் பிள்ளையோ ஓடிவந்து
இடைவெளியில் தன் கையைக் கொடுத்துவிட்டுப் போனது.
பிறகு தெருக்கள் என்னைக் கைவிட்டன.
மாசியைத் தேடி ஆவணியில் நுழைந்து
சித்திரையில் வெளியே வந்தேன்.
கோபுர வாசலுக்குப் போகையில் பன்னிரண்டே முக்கால்,
நடை சாத்தியிருந்தது.
"மத்தியானம் ஒறங்குவாளாக்கும், எங்க அம்மையப் போல"
என்று எமரென்சி சிரித்தாள்.
ஸ்வெட்டர் இடுப்புக்கு இறங்கி
வெயில் ஏறியதும் தலைக்கு ஏறியது.

பாலம் தாண்டி கோரிப்பாளையத்தில் ஆட்டோ நின்றது.
சிக்னல்தான்.
எமரென்சி இறங்கிவிட்டாள்.

பெரியாஸ்பத்திரி மதிலோரம்
எங்களுக்கு முன்னால் நடந்தாள்.
"இந்தக் கடையில ராத்திரி மூணு மணிக்கும் சுடுவெள்ளம் கிட்டும்.
அந்தச் சந்துல பத்து ரூவாக்குக் குளிக்கலாம்,
தலைக்கு ஊத்துனா பதினஞ்சு.
மரத்தடியில பாய் விரிச்சா
ஏழு மணிக்கு முன்ன சுருட்டிரணும்."
டீக்கடைக்காரர் அவளைப் பார்த்து
ஆற்றிய கையை நிறுத்தினார்.
"தம்பி எப்படிம்மா?"
"நடக்கான்."
கொஞ்சம் பொறுத்து, "கடலுக்குப் போவல."

ஐப்பசியில் பதினெட்டு நாள்.
விசைப்படகின் வின்ச்சில் கால்.
நாகர்கோவிலில் பார்த்து இங்கே அனுப்பினார்களாம்.
என் நரிமேட்டு வீட்டிலிருந்து
இந்த மதிலுக்கு நடந்தால் பதினைந்து நிமிடம்.

கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.
அஜிலா கடைப்பலகையை
எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டேன் மக்களே, ஒரு ராத்திரி.
ஒரு ரிங் போச்சு. வச்சிட்டேன்."

அந்த அழைப்பு எனக்கு ஞாபகம் இருந்தது.
காலையில் பார்த்தேன், பெயரோடு.
கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.
நினைத்தேனா
நினைத்துக்கொண்டேனா.

டீ வந்தது. பட்டியலில் இன்னும் நாலு இடம் பாக்கி.
நான் அதை எடுக்கவில்லை.
அரசமரம் பழுத்த இலையை ஒவ்வொன்றாய் விட்டுக்கொண்டிருந்தது,
கீழே விரித்த ஈரத்துணிகள்மேல்.

மதிலடியில் ஒரு பெண்
கையில் தூக்குவாளியோடு
இடமும் வலமும் பார்த்து நின்றாள்.
"எந்த ஊரு?" என்று எமரென்சி எழுந்து போனாள்.
சாயல்குடியாம். நேற்று ராத்திரி வந்தார்களாம்.

எமரென்சி அவளுக்கு
மதுரையைச் சுற்றிக் காட்டத் தொடங்கினாள்,
வெந்நீர்க் கடையிலிருந்து.
ஊதா ஸ்வெட்டரை மடியில் சுருட்டிக்கொண்டு
அஜிலாவும் எழுந்தாள்.
நான் காசு கொடுத்துவிட்டு
அவர்கள் பின்னால் போனேன்.